கல்லில் ஒரே முகம்: நகல் படைவீரர்களும் தகடூர் நடுகற்களும்

புறநானூற்றின் நூறாவது பாட்டு ஔவையாருடையது. போர் முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, புதிதாகப் பிறந்த மகனைப் பார்க்கும் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றியது. வேலைக் கீழே வைக்கவில்லை, கழுத்துக் காயம் ஆறவில்லை, களத்தில் சிவந்த கண் பிள்ளையைப் பார்க்கும்போதும் வெளுக்கவில்லை என்கிறார் ஔவை. உரையாசிரியர்கள் இதை வீரத்தின் உச்சமாகக் கொண்டாடுவார்கள். எனக்கு இந்தப் பாட்டு கொஞ்சம் அச்சமூட்டும் பாட்டு. அந்த மனிதன் மகனைப் பார்க்கிறானா, நாளைய போருக்கான இன்னொரு வேலைப் பார்க்கிறானா? பிள்ளை திரும்பிப் பார்த்தால் என்ன நினைக்கும் என்பதற்குப் பாட்டில் இடமில்லை. பிறந்த குழந்தைக்கு என்ன கருத்து இருக்க முடியும்?

அந்த இடத்தைக் கடந்த அரை நூற்றாண்டாக அறிவியல் புனைகதை எடுத்துக்கொண்டிருக்கிறது. போருக்கென்றே ஒருவனுடைய உயிரணுவிலிருந்து நகலெடுத்து வளர்க்கப்பட்ட படைவீரன், தனக்கு உடலைத் தந்த ஆளை எப்படிப் பார்ப்பான்? தந்தையாகவா, தமையனாகவா, அச்சாகவா, அல்லது பார்ப்பதே இல்லையா? அமெரிக்காவிலும் ஜப்பானிலும் எழுதப்பட்ட இந்தக் கதைகளைப் பழைய தகடூரான தருமபுரியிலிருந்து படிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. போரில் செத்த வீரனுக்கும் அவனுக்குப் பின் வந்தவர்களுக்கும் உள்ள உறவைக் கல்லிலேயே எழுதிவைத்த மண் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கிடைத்த அளவுக்கு நடுகற்கள் தமிழகத்தில் வேறெங்கும் கிடைத்ததில்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த நகல் படை. 2002-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில் கமினோ என்ற ஓயாமல் மழை பெய்யும் கோளில் ஒரு படை தயாராகிறது. இரண்டு லட்சம் பேர் தயார், இன்னும் பத்து லட்சம் பேர் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் பெருமையோடு கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை பேரும் ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே ஆளின் நகல்கள். காசுக்கு ஆள்பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். நகல்கள் சாதாரண மனிதரைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்வார்கள். கட்டளைக்கு மறுபேச்சுப் பேசாதபடி மரபணுவிலேயே கைவைத்திருக்கிறார்கள். ஜாங்கோவுக்குப் பெருந்தொகை கூலி. அதோடு அவன் இன்னொன்றும் கேட்டு வாங்கியிருந்தான்: எந்த மாற்றமும் செய்யாத ஒரே ஒரு நகல், தனக்கு மகனாக. அந்தப் பையன்தான் போபா.

இந்த ஏற்பாட்டில் மற்றவர்களின் கதி தீர்மானமாகிவிடுகிறது. ஒரே மரபணு, ஒரே முகம். ஆனால் ஒருவன் மகன், மற்றவர்கள் சரக்கு. பிரித்தது ரத்தமன்று, ஒருவனை மட்டும் 'இவன் என்னவன்' என்று அந்த ஆள் சொன்னான், அவ்வளவுதான். படத்தின் இறுதிப் போரில் இதன் விளைவு தெரிகிறது. ஜியோனோசிஸ் என்ற கோளின் களத்தில், எதிர்த்தரப்பு வீரன் மேஸ் விண்டுவின் வாளுக்கு ஜாங்கோ தலையைக் கொடுக்கிறான். சற்று நேரத்துக்கெல்லாம் நகல் படை வானூர்திகளில் வந்து இறங்குகிறது, அதுவும் விண்டுவின் தரப்புக்காக. செத்துக் கிடப்பவன் யார் என்று அவர்களில் ஒருவன்கூட நின்று பார்ப்பதாகப் படம் காட்டவில்லை. தலைக்கவசத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வது போபா மட்டும். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இதை எவ்வளவு யோசித்துச் செய்தார் என்பது வேறு விஷயம். காட்சி சரியாக அமைந்துவிட்டது.

2008-இல் தொடங்கிய 'தி குளோன் வார்ஸ்' கார்ட்டூன் தொடர் இந்த முகமற்ற படைக்கு முகம் கொடுத்தது. அங்கே நகல்களுக்குப் பிறப்பில் கிடைப்பது எண்தான். சிடி-7567 தன்னை ரெக்ஸ் என்கிறான். சிடி-5555-க்கு நான்கு ஐந்து இருப்பதால் ஃபைவ்ஸ். தலைமுடியை வெவ்வேறாக வெட்டிக்கொள்கிறார்கள், பச்சை குத்திக்கொள்கிறார்கள், கவசத்தில் வண்ணம் பூசுகிறார்கள். ஒருவரையொருவர் சகோதரன் என்று அழைக்கிறார்கள். ஜாங்கோவின் பெயர் அவர்கள் வாயில் வருவது மிக அரிது. வெறுப்பும் இல்லை, பாசமும் இல்லை. போபா பழிவாங்கப் புறப்பட்டு, பயிற்சிபெறும் நகல் சிறுவர்களுக்கிடையே ஒருவனாக வேடமிட்டு ஒரு போர்க்கப்பலில் ஏறும் அத்தியாயம் தொடரிலேயே கூர்மையானது. வேடம் போட அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. முகம் ஏற்கெனவே பொருந்துகிறது. சிறுவர்கள் அவனைத் தங்களில் ஒருவனாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். அவனுக்குத்தான் அவர்களைச் சகோதரர்களாகப் பார்க்க முடியவில்லை. தகப்பன் இருப்பவனுக்கு உடன்பிறந்தார் தேவைப்படவில்லை. தகப்பன் இல்லாதவர்களுக்கு உடன்பிறந்தார் மட்டுமே இருக்கிறார்கள்.

தருமபுரி நகரில் அரசின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று புலப்படும். எல்லாம் ஏறக்குறைய ஒரே வீரன். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாளோ குறுவாளோ, ஒரு பக்கமாகத் திரும்பிய கால்கள், அள்ளி முடிந்த கொண்டை, சிலவற்றில் உடலில் தைத்த அம்பு. பல்லவர் காலத்துச் சிற்பி செத்தவனின் முகத்தைப் பார்த்துச் செதுக்கவில்லை. வீரன் என்றால் இப்படி இருப்பான் என்று அவனிடம் ஒரு வடிவம் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப வெட்டினான். ஆளை ஆளாக்குவது பக்கத்தில் இருக்கும் எழுத்து. வட்டெழுத்தில் இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன நாட்டை இன்ன தலைவன் ஆண்டபோது, இன்னாரின் சேவகன், இன்ன ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. ஆகப் பெரும்பாலான கற்கள் பேரரசுப் போர்களைப் பற்றியவை அல்ல, மாடு பிடித்துப்போன கலகங்களில் விழுந்தவர்களைப் பற்றியவை. இரா. நாகசாமி பொறுப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் செங்கம், தருமபுரிக் கற்களைப் படித்து நூல்களாக வெளியிட்டபோதுதான் இந்தப் பெயர்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

ரெக்ஸுக்கும் ஃபைவ்ஸுக்கும் பெயர் செய்கிற வேலையைத்தான் இங்கே வட்டெழுத்து செய்கிறது. முகம் படைக்குப் பொது, பெயர் ஆளுக்குச் சொந்தம். அந்தப் பெயரோடு வருபவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பல கற்களில் வீரனின் தகப்பன் பெயரைவிட அவன் யாருக்குச் சேவகன் என்பது முன்னால் நிற்கிறது. யாருக்காகச் செத்தான் என்பதே அவனை அறிமுகப்படுத்தப் போதுமானதாக இருந்திருக்கிறது. நகல் வீரனும் ஜாங்கோவிடமிருந்து வந்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை, இன்ன தளபதியின் படைப்பிரிவு என்றுதான் சொல்லிக்கொள்கிறான்.

நகல் படையை அமெரிக்கத் திரைப்படத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் கதைகள் கற்பனை செய்துவிட்டன. காந்தாரி பெற்ற சதைப் பிண்டத்தை வியாசர் பங்கிட்டு நெய்க்குடங்களில் இட்டதால் நூற்றுவர் பிறந்தார்கள். தேவி மகாத்மியத்து ரத்தபீஜன் சிந்தும் ஒவ்வொரு துளியும் இன்னொரு ரத்தபீஜனாகும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. ரத்தபீஜனின் நகல்களில் ஒருவனுக்கும் பெயர் கிடையாது. காளி அவர்களைக் குடித்துவிடுகிறாள், கணக்கு முடிந்தது. கௌரவர் நூற்றுவருக்கும் பாரதம் ஆதிபருவத்தில் தனித்தனியே பெயர் வைத்துப் பட்டியலிடுகிறது. நமக்கு நினைவிருப்பவர்கள் துரியோதனன், துச்சாதனன், அண்ணனை எதிர்த்துப் பேசிய விகர்ணன் என்று இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் பட்டியலில் மட்டும் வாழ்கிறார்கள். தருமபுரிப் பகுதியில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் பதினெட்டாம் போர் அன்று மண்ணால் பெரிதாக உருவம் செய்து படுகளம் காண்பதும் துரியோதனனுக்கு மட்டும்தான். ஒரே பிண்டத்திலிருந்து வந்தாலும் மண்ணுடல் ஒருவனுக்கு. மூலத்தோடு உறவு கொண்டாடும் உரிமை எப்போதுமே நகல்களிடையே சமமாகப் பங்கிடப்படுவதில்லை போலும்.

பங்கீடு என்றதும் கூலிக்கு வருவோம். ஜாங்கோ தன் ரத்தத்துக்கு முன்கூட்டியே விலை வாங்கினான். அவனைக் கொடையாளி என்று சொல்வது மரியாதைக்குத்தான். அவன் கொடுத்த ரத்தம் இனிமேல் செத்துப்போகப் போகிறவர்களின் ரத்தம், வாங்கிய காசு சாகாதவனின் காசு. நடுகல் வழக்கம் இதைத் தலைகீழாக வைத்திருந்தது. போரில் விழுந்தவனின் குடும்பத்துக்கு ஊரோ தலைவனோ நிலம் விடுவதுண்டு. கல்வெட்டுகளில் இதற்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று பெயர். இரண்டுக்குமே ரத்தத்துக்கு ஈடான நிலம் என்றுதான் பொருள். ரத்தம் சிந்தியவன் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் வழியில் வந்தவர்கள் உழுது சாப்பிட. இங்கே விலை முன்னோக்கிப் போகிறது, தகப்பனின் ரத்தத்துக்கு மகன் பெறுகிறான். கமினோவில் மகன்களின் ரத்தத்துக்குத் தகப்பன் பெற்றான். இந்த ஒரு கணக்கு வேறுபாட்டை வைத்தே நகல் வீரன் ஏன் ஜாங்கோவை நினைப்பதில்லை என்று விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. அவனுக்கு அந்த ஆளிடமிருந்து வந்து சேர்ந்தது எதுவும் இல்லை.

எல்லா நகல்களும் இப்படி அலட்சியமாக இருப்பதில்லை. ஹிடியோ கோஜிமா உருவாக்கி 1998-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' என்ற ஜப்பானிய வீடியோ கேமில், பிக் பாஸ் என்ற பெரும் போர்வீரனிடமிருந்து நகலெடுக்கப்பட்ட இருவர் மோதுகிறார்கள். சாலிட் ஸ்நேக், லிக்விட் ஸ்நேக். லிக்விடின் வாழ்க்கை முழுவதையும் ஒரே எண்ணம் தின்றுவிடுகிறது: மூலவனின் உயர்ந்த மரபணுக்களெல்லாம் தமையனுக்குப் போய்விட்டன, தனக்குக் கிடைத்தது கழிசடை. 'ஓங்கு மரபணு', 'ஒடுங்கு மரபணு' என்ற பாடப்புத்தகப் பிரிவை அவன் உயர்வு, தாழ்வு என்று எடுத்துக்கொள்கிறான். உயிரியலில் அப்படியொரு பொருளே கிடையாது. ஒடுங்கு பண்பு என்றால் இரண்டு படிகளும் சேர்ந்தால்தான் வெளிப்படும் என்பதுதான் விஷயம், அதில் இழிவு ஒன்றுமில்லை. கதையின் கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, உண்மை வேறு என்று தெரிகிறது. உயர்ந்தது என்று திட்டமிடப்பட்ட நகல் லிக்விட்தான். செத்தவனுக்கு அது தெரியாது. அவனுடைய படை அரசாங்கத்திடம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று பிக் பாஸின் உடலைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது. வழிபடுவதற்காக அன்று, அந்த மரபணுக்கள் புகுத்தப்பட்ட வீரர்களின் நோய்க்கு மருந்து தேடுவதற்காக. செத்தவனின் உடலைக் கேட்கும் படையிலும்கூட ஒரு நடுகல் எழவில்லை.

லிக்விடின் மயக்கம் விளையாட்டு எழுத்தாளரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தமிழர்கள் அதை நேரில் அனுபவித்திருக்கிறார்கள். 1857-க்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியப் படையில் 'போர்க்குல'க் கோட்பாடு வேரூன்றியது. வீரம் சில இனங்களின் ரத்தத்தில் ஓடுகிறது, சிலவற்றில் ஓடுவதில்லை என்பது அதன் சாரம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கியவரும் பின்னர் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதி ஆனவருமான ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் இந்த நம்பிக்கையின் முக்கியப் பிரசாரகர். தெற்கத்தியரின் போர்க்குணம் நீண்ட அமைதியில் மங்கிவிட்டது என்பது அவர் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்கு இந்தியாவை வென்று கொடுத்ததில் பெரும்பங்கு வகித்த மதராஸ் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1920-கள் முடிவதற்குள் அந்தக் காலாட்படைப் பிரிவுகளே இல்லாமல் போயின. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். இருபது ஆண்டுகளில் மரபணு மாறிவிட்டதா? மாறியது தேவை. அதே அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911-இல் மதராஸ் மாகாணத்துக்கும் விரித்தது. வீரம் ரத்தத்தில் இருக்கிறது என்று நம்பினவர்கள் களவும் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று நம்பியதில் வியப்பில்லை. லிக்விட் ஸ்நேக்கிடம் சொல்லப்பட்டதும் இதேதான்: உன் மூலவன் யார் என்பதே உன் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை உடைக்கும் கதைகளில் என் மதிப்பில் முதலிடம் லூயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் எழுதிய வோர்கோசிகன் நாவல்களுக்கு. 1989-இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' நாவலில் மைல்ஸ் வோர்கோசிகன் என்ற பிரபு வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நகல் இருப்பது தெரியவருகிறது. எதிரிகள் ரகசியமாக வளர்த்து, மைல்ஸின் இடத்தில் ஆள்மாறாட்டமாக நுழைத்து, அவன் தகப்பனைக் கொல்ல அனுப்பத் திட்டமிட்ட நகல். ஒரு சிக்கல். மைல்ஸ் தாய் வயிற்றில் இருக்கும்போதே நச்சு வாயுவால் பாதிக்கப்பட்டவன். எலும்புகள் எளிதில் நொறுங்கும், உயரம் குறைவு, முதுகு வளைவு. இதெல்லாம் நடந்தது மரபணுவில் இல்லை, உடலில். நகல் நேராகவும் உயரமாகவும் வளர்கிறான். எனவே அவனை மூலத்தைப்போல் ஆக்க, அறுவை சிகிச்சை மேல் சிகிச்சையாகச் செய்து எலும்புகளை மாற்றி வளைக்கிறார்கள். ஒருவனுடைய வரலாற்றை இன்னொருவன் உடலில் ஏற்றுவதற்கு வேறு வழியில்லை, அடித்துத்தான் ஏற்ற வேண்டும். குளோனிங்கைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை பக்கங்களிலும் இதைவிட நேர்மையான கற்பனையை நான் பார்த்ததில்லை.

அந்த நகலுக்குப் பெயர் கிடையாது. வாழ்நாள் முழுவதும் மைல்ஸின் பெயருக்குப் பழக்கப்பட்டவன். எதிரியான அவனிடம் மைல்ஸ் முதலில் கொடுப்பது ஒரு பெயரை. அவர்கள் கோளான பராயாரில் மூத்த மகனுக்கு இரண்டு தாத்தாக்களின் முதற்பெயர்கள், இளைய மகனுக்கு அவர்களின் இரண்டாம் பெயர்கள் என்பது வழக்கம். அதன்படி உன் பெயர் மார்க் பியேர், நீ என் தம்பி என்கிறான் மைல்ஸ். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வளர்ந்த நமக்கு இதில் விளக்க எதுவுமில்லை. அந்த ஒரு பெயரால் நகலுக்கு இரண்டு தாத்தாக்களும் ஒரு தாயும் தகப்பனும் ஒரு வீடும் கிடைத்துவிடுகின்றன. பிறகு அவன் மூலவனை எப்படிப் பார்த்தான்? பொறாமையோடு, கோபத்தோடு, கடனோடு. எல்லாத் தம்பிகளும் அண்ணனைப் பார்ப்பதுபோல.

ஜான் ஸ்கால்ஸியின் 'ஓல்ட் மேன்ஸ் வார்' (2005) நாவலில் கேள்வி இன்னும் மென்மையாக வருகிறது. அங்கே சிறப்புப் படை வீரர்கள் செத்தவர்களின் மரபணுவிலிருந்து வளர்ந்த உடலோடு பிறக்கிறார்கள். முதற்பெயர் எதுவோ ஒன்று, பின்பெயர் ஏதாவது ஒரு விஞ்ஞானியினுடையது. ஜேன் சேகன் என்ற வீராங்கனைக்கு வயது ஆறு. அவள் உடல் கேத்தி என்ற பெண்ணின் மரபணுவிலிருந்து வந்தது. அந்தக் கேத்தியின் கணவன் ஜான் பெர்ரி இப்போது அதே போரில் வீரன். தன் மனைவி முகத்தோடு நிற்பவளைப் பார்த்து அவன் திகைக்கிறான். அவளோ, அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று சொல் என்று கேட்டு வருகிறாள். செத்தவளைப் பற்றிய கதைதான் அவளுக்கு வேண்டும். மரபணு ஏற்கெனவே முழுதாக இருக்கிறது. அதே உலகத்தின் 'தி கோஸ்ட் பிரிகேட்ஸ்' (2006) நாவலில் ஒரு துரோகியின் நினைவையே நகலின் தலைக்குள் ஏற்றிப் பார்க்கிறார்கள், துரோகத்தின் காரணம் தெரிய. நினைவு வந்து சேர்கிறது. முடிவை நகல் தானாகத்தான் எடுக்கிறான்.

நம் திரைக்கு வந்தால், 2010-இல் ஷங்கர் இயக்கத்தில் வந்த 'எந்திரன்' இந்தக் கேள்விக்கு மிக அருகில் போன படம். சிட்டி மரபணு நகல் இல்லை, இயந்திரம். ஆனால் தன்னைச் செய்த வசீகரனின் அச்சு, செய்ததன் நோக்கம் இந்திய ராணுவத்துக்குக் கொடுப்பது. ராணுவ அதிகாரிகள் முன் சோதனையில் அவன் போரைப் பற்றிப் பேசாமல் காதலைப் பற்றிப் பேசுகிறான். வசீகரன் அவனை வெட்டிக் குப்பையில் போடுகிறான். தகப்பன் மகனைச் சரக்காகப் பார்த்த இடம் அதுதான். பிறகு சிட்டி தன்னையே நூற்றுக்கணக்கில் படியெடுத்து ஒரு படையாகி நிற்கும்போது, அந்தக் கூட்டத்தில் வசீகரன் வேடமிட்டு ஒளிந்து நுழைகிறான். மூலம் நகல்போல் நடிக்க வேண்டிய நிலை! போபா நகல் சிறுவர்களிடையே புகுந்ததற்கு நேர் எதிர். வசனங்களில் பங்குகொண்ட சுஜாதா படம் வருமுன் 2008-இல் மறைந்துவிட்டார். ஆனால் அந்தக் காட்சியின் குறும்பில் அவர் கை இருப்பதாக நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

அடுத்த ஆண்டு வந்த ஏ.ஆர். முருகதாஸின் '7ஆம் அறிவு' எதிர்த் திசையில் போனது. காஞ்சியிலிருந்து சீனம் போன போதிதர்மரின் மரபணு, சென்னைச் சர்க்கஸ் கலைஞன் ஒருவனுக்குள் உறங்குகிறது. ஆராய்ச்சி மாணவி அதை எழுப்பினால் வீரமும் மருத்துவமும் திரும்பி வந்துவிடும். அறிவியலாக இது நிற்காது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு என்பது ஐம்பது அறுபது தலைமுறை. அத்தனை தலைமுறைக்கு முந்தைய ஒரு மூதாதையின் பங்கு நம் உடலில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கரைந்து போயிருக்கும், பல மூதாதையரிடமிருந்து ஒரு துண்டுகூட வந்து சேர்ந்திருக்காது. கற்ற வித்தை மரபணுவில் ஏறுவதுமில்லை. இது போர்க்குலக் கோட்பாட்டின் தமிழ்ப் பதிப்பு. ராபர்ட்ஸ் நம் ரத்தத்தில் வீரம் இல்லை என்றார், நாம் இருக்கிறது என்று பதில் சொல்கிறோம். இருவரும் ரத்தத்தையே நோண்டிக்கொண்டிருக்கிறோம்.

அதியமான் மரபே இதற்கு நல்ல பதில். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்கிறது. அசோகரின் பாறைக் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்ற பழைய விவாதம் அதோடு முடிந்தது. இவனுக்கு ஓராயிரம் ஆண்டுக்கும் அப்பால், போளூர் பக்கத்துத் திருமலையில் தகடூரின் தலைவனான விடுகாதழகிய பெருமாள் ஒரு கல்வெட்டு வெட்டிவைத்தான். முன்பு தன் முன்னோன் எழினி செய்துவைத்து, காலத்தால் சிதைந்த இயக்கன் இயக்கி திருமேனிகளைத் தான் புதுப்பித்ததாக அது சொல்கிறது. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டில் ரத்தத்தொடர் அறாமல் வந்ததா என்று எந்த ஆய்வகமும் சொல்லப்போவதில்லை. அவன் செய்தது முன்னோன் விட்ட வேலையைக் கையிலெடுத்தது. புறநானூற்றின் தொண்ணூற்றொன்பதாம் பாட்டில் ஔவையாரும் அஞ்சியின் முன்னோரை நினைக்கும்போது இந்த மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று அவர்கள் செய்த வேலையைத்தான் குறிப்பிடுகிறார். இன்றும் பாலக்கோடு, அரூர்ப் பக்கத்தில் கரும்பு உண்டு. மூதாதை வந்து சேர ரத்தத்தைவிட நம்பகமான வழி.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது வேடியப்பன். வட்டெழுத்தைப் படிக்க யாரும் இல்லாமல் போன பிறகு, நடுகல்லில் இருந்த தனிப் பெயர்கள் மறைந்தன. வில்லோடு நிற்கும் அந்த உருவத்தை மக்கள் வேடியப்பன் என்று அழைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் வேடியப்பன் கோயில் என்று போனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு நடுகல். பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு வேடியப்பன், வேடி என்று பெயரிடுகிறார்கள். குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பத்துக்கும் கல்லில் செத்த அந்த மாட்டுக்காவலனுக்கும் மரபணுத் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தால் தற்செயல். நகல் வீரனிடம் முழு மரபணுவும் இருந்தது, உறவு இல்லை. இங்கே உறவு முழுதாக இருக்கிறது, மரபணுவை யாரும் கேட்கவில்லை. கமினோவில் எண்ணாக இருந்தவர்கள் பெயருக்கு ஏங்கினார்கள். தகடூர் நாட்டில் தனிப் பெயரோடு செத்தவர்கள் ஒரு பொதுப் பெயருக்குள் போய் ஆயிரக்கணக்கான பேருக்கு அப்பன் ஆனார்கள். இதில் இழப்பும் உண்டு, மறுப்பதற்கில்லை. எந்த ஊர் மாட்டுக்காகச் செத்தான் என்பது கும்பிடுபவருக்குத் தெரியாது.

ஆய்வகத்தில் நடந்திருப்பது இவ்வளவு நாடகத்தன்மை கொண்டதல்ல. 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி ஆட்டின் உயிரணுவைத் தந்த ஆடு, டாலி பிறக்கும் முன்பே செத்துவிட்டது. உறையவைத்த உயிரணு மட்டும் இருந்தது. மனிதக் குளோனிங்குக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. கர்நாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் நகல் எருமைக் கன்றுகளை உண்டாக்கியது. சீருடைப் பணிக்கென்று நகலெடுத்த உயிர்கள் என்றால் தென்கொரியச் சுங்கத்துறை நாய்களைச் சொல்லலாம். சேஸ் என்ற திறமையான மோப்ப நாயின் உயிரணுவிலிருந்து 2007-இல் குட்டிகளை உண்டாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், டாப்பி. ரெக்ஸும் ஃபைவ்ஸும் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

தமிழில் ஒரு நகல் படைவீரன் கதையை எழுத வருபவருக்கு நான் காட்டும் இடம் போர்க்களம் இல்லை, தருமபுரி வட்டாட்சியர் அலுவலகம். நகல் வீரன் ஒருவன் களத்தில் விழுந்துவிட்டான், அரசு கருணைத்தொகை அறிவித்திருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ஐ எடுத்துக்கொள்வோம். மனைவி, மக்கள், தாய் முதல் வகுப்பு வாரிசுகள். அவனுக்கு யாரும் இல்லை. இரண்டாம் வகுப்பில் முதலில் தகப்பன், சற்றுக் கீழே உடன்பிறந்தார். ஜாங்கோவை அவன் ஒருநாளும் தகப்பன் என்று சொன்னதில்லை. கூட இருந்த லட்சம் பேரைத்தான் சகோதரர் என்றான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இருவர் முழு ரத்தச் சகோதரர் ஆக வேண்டுமானால் பொது மூதாதை ஒருவருக்கு ஒரே மனைவி வழியாகப் பிறந்திருக்க வேண்டும். அந்த லட்சம் பேருக்கும் பொதுவாக இருப்பவன் ஜாங்கோ ஒருவனே, அவனுக்கோ மனைவி இல்லை. அவனைத் தகப்பனாக ஒப்புக்கொண்டால் தொகையில் முதல் உரிமை, ஏற்கெனவே கூலி வாங்கியவனுக்கே போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் சகோதரர்கள் சகோதரர்களே இல்லை, சான்றிதழ் யாருக்கும் கிடையாது. அப்போது 29ஆம் பிரிவு வரும்: வாரிசு இல்லாதவரின் சொத்து அரசையே சேரும்.